குளத்தப் பாக்கிறதுக்கு நாலு வருஷமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் குளங்களப் பத்தி ஒரு பதில் எழுதினன், அதுக்குப் பிறகு கடிதம், வாட்சப் எண்டு கனக்க வந்து கிடக்கு. எல்லாத்தையும் போட ஏலா, அஞ்ச மட்டும் எடுத்திருக்கன்.

கேள்வி: மகள் பயோ செஞ்சவ. இசட் ஸ்கோர் கொஞ்சத்தால மெடிசின் போச்சு, சயன்ஸ் கிடைச்சிருக்கு. நன்னீர்ச் சூழலியல்தான் படிப்பன் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறா. "குளத்தப் பாக்கிறதுக்கு நாலு வருஷமா?" எண்டு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. இதுல வேலை இருக்கா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அக்கா, வேலைக் கதைய முதல்லயே சொல்லிர்றன், அத ஒளிச்சி வெச்சிட்டு மத்ததச் சொன்னா நல்லாருக்காது. வெறும் பி.எஸ்.சி.ய வெச்சிக்கிட்டு "நன்னீர்ச் சூழலியலாளர்" எண்டு பேர் எழுதின கதிரை இஞ்ச கிடைக்கிறது கஷ்டம். விலங்கியலோ தாவரவியலோ ஸ்பெஷல் செஞ்சி, மறுகா எம்.பில்., பி.எச்.டி. எண்டு போனா கெம்பஸ், நாரா (நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்), நக்டா (நன்னீர் மீன்வளர்ப்பு அதிகாரசபை), மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தண்ணி போர்ட்ட ஆய்வுகூடம், இல்லாட்டி கட்டுமானங்களுக்கு சுற்றாடல் அறிக்கை செய்து குடுக்கிற கம்பனிகள், இதுதான் வழி. இடம் கொஞ்சம், படிச்ச ஆக்கள் கனக்க. என்னோட படிச்சதுல பாதிப் பேர் இப்ப ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்காங்க.

சிரிக்கிற சொந்தக்காரங்கட்ட ஒண்டு கேளுங்க. மட்டக்களப்பு டவுன்ல பைப்பத் திறந்தா வாறது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, வவுணதீவுல சுத்திகரிச்சி வருது. அந்தக் குளத்த ஆரும் பாக்காம விட்டாப் பரவால்லயா எண்டு.

அந்தப் புள்ள என்ன செய்யப்போறா எண்டு தெரியோணுமெண்டா என்ட முதல் நாளச் சொல்றன். விடியச்சாமம் நாலரைக்கு எங்கட கெம்பஸ் சேர் என்னத் தோணியில ஏத்திட்டார், இருட்டு, நுளம்பு, கையில ஒரு டோர்ச். நடுக்குளத்துல கண்ணாடிப் போத்தலத் தண்ணிக்குள்ள அமத்தி ஒரு குமிழி கூட நிக்காம நிரப்பி, மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் ஒவ்வொரு மில்லிலீட்டர் விட்டு, மூடிக் குலுக்கோணும். தண்ணியில ஒட்சிசன் இருந்தா கோப்பிக் கலர்ல மண்டி இறங்கும், இல்லாட்டி வெள்ளையா இறங்கும். விங்லர் எண்ட ஹங்கேரிக்காரர் 1888ல சொன்ன முறை, மீட்டர் வந்த பிறகும் மீட்டர் சரியாக் காட்டுதா எண்டு பாக்க இதத்தான் செய்றது. அண்டைக்கு விடியக்காலம் எடுத்த போத்தல் கிட்டத்தட்ட வெள்ளை. பகல் ரெண்டு மணிக்கு அதே இடத்துல அதே ஆழத்துல எடுத்தது கடும் கோப்பி. நான் வாயப் பொளந்துட்டன், ஒரே குளம், பத்து மணித்தியாலம்தான் வித்தியாசம்.

அதுல மூணு போத்தலுக்குள்ள காத்துக் குமிழி பூந்துட்டு, நான் சொல்லாம இலக்கத்த மட்டும் கொப்பியில எழுதி வெச்சன். சேர் கொப்பியப் பாத்துட்டு ஒண்டும் கேக்கல்ல, "நாளைக்கும் நாலரைக்கு வாங்க" எண்டார். மறுநாளும் போனன்.

மிச்ச வேலை நுணுக்குக்காட்டிக்கு முன்னால. தண்ணி மாதிரியில லுகோல் எண்ட அயடீன் மருந்து விடுவம், எவ்வளவு எண்டு கேட்டா பிளேன்டீக் கலர் வரும் மட்டும், நிசமா அதுதான் கணக்கு. அத ஒரு மில்லிலீட்டர் பிடிக்கிற, ஆயிரம் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டுல விட்டு, கட்டம் கட்டமாப் பாசி எண்ணுறது. கழுத்து நோகும். மகளுக்கு ஒரு இடத்துல இருந்து எண்ணப் பொறுமை இருக்கா எண்டு மட்டும் பாருங்க, இருந்தா விடுங்க போகட்டும்.

கேள்வி: எங்கட குளத்துல போன கிழமை விடியப் பாத்தா மீன் எல்லாம் வெள்ளையாப் பிரண்டு கிடக்கு. ஆரோ நஞ்சு போட்டுட்டாங்க எண்டு ஊருக்குள்ள சண்டை. நஞ்சா இருக்குமா?
– ஒரு விவசாயி, சம்மாந்துறை

பதில்: காக்கா, ஆள்மேல பழி போட முதல் செத்த மீன ஒருக்கா வடிவாப் பாருங்க. மேல சொன்ன வெள்ளைப் போத்தல்தான் இஞ்சயும் கதை. பகல்ல பாசி வெயில்ல ஒட்சிசன் விடும், ராவைக்கு அதே பாசியும் மீனும் அடியில ஊறின குப்பையில இருக்கிற கிருமியும் எல்லாம் சேந்து அத எடுக்கும், விடியிறதுக்குக் கொஞ்சம் முதல்தான் ஆகக் குறைவு. 30 பாகை சூட்டுல தண்ணி பிடிக்கிற ஒட்சிசனே லீட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான். வயலுக்குத் துருசு (மதகு) திறந்து குளம் வத்தி, தண்ணி பச்சையாகி, ரெண்டு நாள் மப்பும் மந்தாரமும் காத்துமில்லாம கிடந்தா ஒரு ராவுல முடிஞ்சிரும்.

எப்பிடிப் பிரிக்கிற எண்டா, ஒட்சிசன் இல்லாமச் செத்தா பெரிய மீன்தான் முதல்ல போகும், குஞ்சு மேல வந்து வாயத் திறந்து திறந்து நிக்கும். விராலும் பனையேறியும் தப்பிரும், அதுகள் மேல வந்து வெளிக்காத்தையே இழுக்கிற சாதி. நஞ்செண்டா விரால் தவளை தண்ணிப்பூச்சி எண்டு பாக்காது, பகல் ராவும் பாக்காது. உங்கட குளத்துல விரால் உசிரோட இருக்குதா? இருந்தா சண்டைய விடுங்க. விராலும் செத்துக் கிடந்தா அண்டு விடியவே சுத்தமான போத்தல்ல தண்ணி பிடிச்சி ஐசுல வெச்சி அதிகாரிகள்ட்ட குடுக்கோணும், ஒரு கிழமை கழிச்சிக் குடுத்தா ஒண்டும் பிடிக்க ஏலா. எது எப்பிடியெண்டாலும் செத்து மிதந்த மீனத் திங்காதீங்க.

கேள்வி: இந்தத் துறையில ஒரே ஒரு ஆள்ர வாழ்க்கையப் படிக்கச் சொன்னா ஆரச் சொல்லுவீங்க?
– கெம்பஸ் மாணவன், வந்தாறுமூலை

பதில்: தம்பி, நான் டேவிட் ஷின்ட்லர்தான் சொல்லுவன். அமெரிக்காவுல பிறந்து, ரோட்ஸ் ஸ்கொலர்ஷிப்புல ஒக்ஸ்போர்ட் போய், 1968ல கனடாவுல ஒன்டாரியோக் காட்டுக்குள்ள ஏரிகளையே ஆய்வுகூடமாக்கின திட்டத்துக்குத் தலைமை எடுத்தவர். அந்தக் காலத்துல ஏரியெல்லாம் பச்சையாகுது, சவர்க்காரத் தூள்ல இருக்கிற பொஸ்பரஸ்தான் காரணம் எண்டு ஒரு பக்கம், இல்ல காபன்தான் எண்டு இன்னொரு பக்கம். போத்தலுக்குள்ள செய்ற பரிசோதனையால சண்டை தீரல்ல. இவர் என்ன செஞ்சார், எட்டு வடிவத்துல இடுப்பு ஒடுங்கின ஒரு ஏரி, நம்பர் 226, அந்த இடுப்புல குறுக்கால திரை போட்டு ரெண்டாப் பிரிச்சார். ரெண்டு பக்கமும் காபனும் நைதரசனும், ஒரு பக்கத்துக்கு மட்டும் பொஸ்பரஸ். 1973ல மேல இருந்து எடுத்த போட்டோவுல பொஸ்பரஸ் விட்ட பாதி பச்சப் பசேலெண்டு, மத்தப் பாதி கறுப்பா. அந்தப் போட்டோவுக்குப் பிறகு காபன் கதைய ஆரு நம்புவா?

எனக்கு இன்னும் பிடிச்சது 223ஆம் ஏரி. அமில மழை என்ன செய்யும் எண்டு பாக்க 1976ல இருந்து வருஷம் வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமா அமிலம் விட்டார். அமிலம் பெரிய மீன நேராக் கொல்ற அளவுக்கு வரவேயில்ல, அதுக்கு முதலே அதுகள் திங்கிற சின்ன மீனும் இறால் சாதியும் அத்துப் போயிட்டு, பெரியது எலும்பும் தோலுமாகிப் பட்டினி. ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டியில இது தெரிய வந்திருக்காது. 1991ல ஸ்டொக்ஹோம் தண்ணிப் பரிசு முதல் முதல் குடுத்தப்ப இவருக்குத்தான் குடுத்தாங்க. கடைசிக் காலத்துலயும் அல்பேர்ட்டாவுல எண்ணெய் மணல் கம்பனிகள் ஆத்துல என்ன விடுறாங்க எண்டு அளந்து சண்டை பிடிச்சவர், 2021ல காலமானார். அவர் தொடங்கின இடத்தையே 2012ல கனடா அரசாங்கம் மூடப் பாத்தது, பிறகு 2014ல வேறொரு நிறுவனம் பொறுப்பெடுத்து இப்பவும் நடக்குது. பணக்கார நாடுதான், அங்கயும் இதே கதை.

நம்மட ஆள் ஒருத்தரும் வேணுமெண்டா சி. எச். பெர்னாண்டோவத் தேடிப் பாருங்க, இலங்கையில பிறந்து கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டியில பேராசிரியரா இருந்தவர். வயலையும் தண்ணி நிக்கிற மட்டும் ஒரு குளமாப் பாத்து அதுக்குள்ள என்ன சீவன் இருக்கு எண்டு படிச்சவர். கண்ணுக்கு எட்டின தூரம் வயலா இருக்கிற நம்மட பக்கத்துக்கு இதவிடப் பொருத்தமான ஆள் ஆரு.

ஒரு கவலையச் சொல்லிர்றன். 2021ல இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்த நிப்பாட்டினப்ப குளத்துல பொஸ்பரஸ் குறையுதா எண்டு பாக்க நான் துடிச்சன், 226ஆம் ஏரி மாதிரி ஒரு சந்தர்ப்பம் தானா வந்திருக்கு எண்டு. ஆனா நான் பாக்கிற குளத்துல அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்து அளவு என்ட கையில இல்ல. பெற்றோல் செலவப் பாத்து விட்டிருந்தன். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

கேள்வி: திலாப்பியா வந்துதான் நம்மட குளத்து மீனெல்லாம் அழிஞ்சிட்டு எண்டிறாங்களே?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: 1952ல கொண்டு வந்தது. இலங்கையில ஆத்தோர வில்லுகள (ஆத்து வெள்ளம் தேங்கி நிக்கிற பள்ளம்) விட்டா இயற்கையான ஏரியே இல்ல, குளமெல்லாம் மனிசன் கட்டினது, நம்மட மீன் கனக்க ஆத்து மீன். பெரிய குளத்து நடுவுல கிடந்த வெற்றிடத்துல திலாப்பியா பூந்துட்டு, இப்ப குளத்து மீன்பிடியே அதாலதான் ஓடுது. அதால நான் திலாப்பியாவ அவ்வளவு திட்ட மாட்டன். வீட்டு மீன்தொட்டியில வளந்து பெருத்தவுடன கொண்டுபோய் ஆத்துல விடுற "டேங்க் கிளீனர்" மீன் இருக்கே, அத விடுறவங்களத்தான் திட்டோணும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கட ஊர்க் குளத்துல நானும் எதையாவது அளக்கலாமா? முதலை எண்டு அம்மா விடுறா இல்ல.
– மாணவி, திருக்கோவில்

பதில்: அம்மா சொல்றது சரி மகள், குளத்துல முதலை இருக்கும், தண்ணிக்குள்ள இறங்கவே கூடாது. துருசுக்கட்டுல ஆழமான பக்கமா அப்பாவோட நிண்டு செய்யலாம். 20 சென்ரிமீட்டர் அகலத்துல வட்டமா ஒரு தகரம் வெட்டி, நாலு பங்காப் பிரிச்சி கறுப்பு வெள்ளை மாறி மாறிப் பெயின்ற் அடிங்க, நடுவுல கயிறு, கீழ ஒரு பாரம். கயித்துல பத்துப் பத்து சென்ரிமீட்டருக்கு முடிச்சி. 1865ல செக்கி எண்ட இத்தாலிப் பாதிரியார் கப்பல்ல இருந்து வெள்ளைத் தட்டு இறக்கிக் கடலப் பாத்தார், அதுல இருந்து வந்ததுதான் இது. மத்தியானம், நிழல் விழுற பக்கத்துல மெல்ல இறக்குங்க, தட்டு மறையிற ஆழம் ஒண்டு, தூக்கிறப்ப திரும்பத் தெரியிற ஆழம் ஒண்டு, ரெண்டையும் கூட்டிப் பாதி. பாசி கூடினாலும் சேறு கூடினாலும் இலக்கம் குறையும், அதால தண்ணி பச்சையா மண்ணிறமா எண்டும் எழுதுங்க. கிழமைக்கு ஒருக்கா, அதே இடம், அதே நேரம். பக்கத்துல மழை பேஞ்சதா, துருசு திறந்ததா, வான் பாயுதா (குளம் நிரம்பி வழியுதா) எண்டும் குறிச்சி வைங்க. கொப்பி முடிஞ்சா எனக்கு அனுப்புங்க.