கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கோர்ட்டில் எப்படிச் சத்தியம் செய்வது?

சத்தியமே செய்ய வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி, சாட்சி கூண்டில் ஏறுபவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். இல்லையென்றால் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொன்னாலும் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. சினிமாவில் பகவத் கீதை மேல் கை வைக்கச் சொல்கிறார்களே, அதைச் சட்டம் கேட்கவே இல்லை. சத்தியம் செய்துவைக்கும் ஊழியர் பழக்கத்தில் 'கடவுள் அறிய' என்று ஆரம்பித்தால், உறுதிமொழி எடுக்கிறேன் என்று நீதிபதியிடம் சொல்லுங்கள், சரி என்பார்.

அப்புறம், உறுதிமொழிதானே, கொஞ்சம் மாற்றிச் சொன்னால் என்ன என்று நினைக்க வேண்டாம். எப்படிச் சொன்னாலும் பொய்ச்சாட்சிக்குத் தண்டனை ஒன்றுதான்: நீதிமன்ற விசாரணையில் 7 ஆண்டு வரை சிறை. உறுதிமொழியே விட்டுப்போனாலும் உண்மை சொல்லும் கடமை போகாது, சாட்சியமும் செல்லாததாகிவிடாது.