30,000 ரூபாய்க்குள் டிரெட்மில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வாய்க்கால் கரை முழுக்கச் சேறு. தை வரை நடைப்பயிற்சி நின்றுபோகிறது. வீட்டுக்காரர் 92 கிலோ, நான் 68 கிலோ. இருவருக்கும் சர்க்கரை உண்டு. 30,000 ரூபாய்க்குள் டிரெட்மில் பார்க்கிறோம். கடையில் ‘4 ஹெச்.பி. மோட்டார்’ என்கிறார்கள். மெதுவாக நடக்கத்தானே, அது தாராளம் இல்லையா?
– வாசகி, பாபநாசம்

பதில்: அந்த 4 என்ற எண்ணை முதலில் ஒதுக்கிவையுங்கள். அது ‘பீக்’ ஹெச்.பி. மோட்டார் சில விநாடிகள் தம் கட்டி இழுக்கிற உச்சம் அது. அரை மணி நேரம் விடாமல் ஓடும்போது எவ்வளவு தருகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். அதற்குப் பெயர் ‘கன்டினியூவஸ்’ ஹெச்.பி. பெரும்பாலான வீட்டு மாடல்களில் அது பீக்கில் பாதிதான் இருக்கும். அட்டைப்பெட்டியிலோ மோட்டாரில் ஒட்டிய தகட்டிலோ அது எழுதியிருக்கும். எங்குமே எழுதவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

மெதுவாக நடப்பவருக்குச் சின்ன மோட்டார் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எடை கூடியவர் விஷயத்தில் அது தவறு. 92 கிலோ ஆள் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் பெல்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் அதோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் மெதுவாகவே சுற்றும். சுமை அதிகம், காற்றோ குறைவு. மோட்டார் சூடாகும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் போர்டும் சூடாகும். அதனால் உங்கள் வீட்டுக்கு 2 ஹெச்.பி. கன்டினியூவஸுக்குக் குறையாமல் வாங்குங்கள். 60 கிலோவுக்குள் இருப்பவர்கள் மட்டும் நடக்கிற வீடு என்றால் 1.5 போதும். தினமும் ஓடப்போகிறவருக்கு 2.5லிருந்து 3 வரை வேண்டும். அது 30,000-க்குள் அடங்குவது கடினம்.

அடுத்தது, மிஷின் தாங்கும் எடை. ‘அதிகபட்சம் 100 கிலோ’ என்று போட்டிருந்தால் 92 கிலோ ஆளுக்கு அதை வாங்காதீர்கள். சுமார் 20 கிலோ இடைவெளி விட்டு, 110, முடிந்தால் 120 கிலோ தாங்குவதைத் தேடுங்கள். மிஷினின் சொந்த எடையையும் கேளுங்கள். 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் வேக நடையில் ஆடும். 45 கிலோவுக்கு மேல் இருந்தால் அசையாமல் நிற்கும்.

பெல்ட் அகலம் 40 செ.மீ.க்குக் குறையக்கூடாது, நீளம் 115 முதல் 120 செ.மீ. வரை இருக்கட்டும். வீட்டுக்காரர் ஆறடி உயரம் என்றால் 125 பாருங்கள். அடி எடுத்துவைக்கும்போது குதிகால் பின் ரோலரில் படக்கூடாது, அதுதான் கணக்கு. பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகை 15 மி.மீ. கனமாவது இருக்கவேண்டும்.

ப்ளூடூத், ஸ்பீக்கர், பெரிய திரை, இடுப்பை ஆட்டும் மசாஜர், இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம். கைப்பிடியில் தொட்டால் காட்டும் நாடித்துடிப்பும், திரையில் ஓடும் கலோரியும் தோராயம்தான். சர்க்கரைக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைத்துக்கொள்ளக்கூடாது. ஏற்றம் கூட்ட மோட்டார் வைத்த மாடலும் வேண்டாம். கையால் மாற்றுகிற மூன்று நிலை போதும், பழுதாக அதில் ஒன்றும் இல்லை.

கடைக்கு ஷூ போட்டுக்கொண்டு போங்கள். இருவரில் எடை கூடியவர் ஏறி, 2 கி.மீ. வேகத்தில் 5 நிமிடம், 5 கி.மீ.யில் 10 நிமிடம் நடக்கட்டும். கால் படும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்கி நகர்ந்தால், மோட்டார் திணறுகிறது அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. கடைக்காரர் பெல்ட்டை இறுக்கிக் காட்டிய பிறகும் தயங்கினால் வேறு மாடலுக்குப் போங்கள். பணம் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று: பழுதானால் மெக்கானிக் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். ‘சென்னைக்கு ஆன்லைனில் புகார் போடுங்கள்’ என்கிற மாடலைவிட, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருச்சியிலோ ஆள் வைத்திருக்கும் மாடலுக்கு 3,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம். ‘மோட்டாருக்கு 3 வருடம்’ என்ற வாரன்டியில் கன்ட்ரோல் போர்டு சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நம் பக்கத்தில் மோட்டாருக்கு முன்னால் போவது போர்டுதான்.

கேள்வி: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் டியூப்லைட்டே கண் சிமிட்டும். டிரெட்மில் ஓடும்போது நடுவில் நின்று ஏதோ எர்ரர் காட்டுகிறது. காலையில் ஒரு குறையும் இல்லை. மிஷின் கோளாறா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் கரண்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இருக்கும். நீங்கள் மிஷினில் நடந்துகொண்டிருக்கும்போதே அதே பிளக்கில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா நிற்கும்போது 215 காட்டி, நடக்கும்போது 180-க்கு இறங்கினால் வயரிங் மெலிசு, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. சும்மா நிற்கும்போதே 175 என்றால் தெரு லைனில்தான் குறை. வோல்டேஜ் இறங்கும்போது அதே வேகத்தைக் காப்பாற்ற மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. அந்தச் சூடு முழுக்க போர்டில் இறங்குகிறது. இப்படியே ஒரு சீசன் ஓட்டினால் போர்டு கருகும்.

டிரெட்மில்லுக்கென்று வீட்டின் மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. லைனிலேயே குறை என்றால் ஏ.சி.க்கு விற்கிற 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரில், 150 வோல்ட்டிலிருந்து வேலை செய்வதை வாங்கலாம். ஆன் செய்ததும் அதில் சுமார் 3 நிமிடம் கரண்ட் வராது. ஏ.சி. கம்ப்ரஸருக்காக வைத்த தாமதம் அது, பழுதில்லை.

இன்வெர்ட்டர் லைனில் டிரெட்மில்லை ஒருநாளும் மாட்டாதீர்கள். கரண்ட் போய் வந்தால் பெல்ட்டின் மேல் நின்றுகொண்டே ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். இரண்டு பக்கப் பட்டையில் கால் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து, பெல்ட் நகர ஆரம்பித்த பிறகு அதில் கால் வையுங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு வருடம். பெல்ட் இடது பக்கம் ஒதுங்குகிறது, கருகல் வாடை வருகிறது. கரகரவென்று சத்தம் வந்ததால் பெல்ட்டுக்கு அடியில் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு முன்னைவிட மோசம்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, பலகைமேல் பசை மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் நன்றாக ஓடியதும் பிறகு மோசமானதும் அதனால்தான். தையல் மிஷின் எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பெல்ட்டைக் கெடுக்கும். இதற்கு சிலிகான் ஆயில் மட்டும்தான்.

இப்போது செய்யவேண்டியது: பிளக்கைப் பிடுங்குங்கள். மிஷினின் பின்கோடியில், இரண்டு மூலையிலும் ஒரு போல்ட் தெரியும். மிஷினோடு வந்த ஆலன் கீ (ஆறுபட்டைத் திருகுசாவி) அதற்குத்தான். இரண்டையும் இடஞ்சுழியாக ஒரே எண்ணிக்கை தளர்த்துங்கள். எத்தனை சுற்று என்று சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள், இல்லையென்றால் திரும்ப இறுக்கும்போது தடுமாறுவீர்கள். பழைய பருத்தி வேட்டித் துணியை நீளமாக மடித்து பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் விட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துத் துடையுங்கள். துணி பழுப்பாக வரும். பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி, துணி சுத்தமாக வரும்வரை துடைக்கவேண்டும். தண்ணீரோ சோப்போ வேண்டாம், பலகை ஊறி உப்பும். பிறகு பாதம் படுகிற நடுப்பகுதியில், பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லி சிலிகான் ஆயிலை வளைந்து வளைந்து விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பெல்ட் வழுக்கும். எண்ணிவைத்த அதே சுற்று இறுக்கி, ஆள் ஏறாமல் 3 கி.மீ. வேகத்தில் 5 நிமிடம் ஓடவிடுங்கள்.

ஒதுங்குவதற்கு மருந்து அதே போல்ட். பெல்ட் இடது பக்கம் போனால் இடது போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று. அரைச் சுற்று வேண்டாம். இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. இறுக்கம் சரியா என்று பார்க்க, பெல்ட்டின் ஓரத்தை நடுநீளத்தில் விரலால் தூக்குங்கள். 5 முதல் 7 செ.மீ. எழும்பினால் சரி. அதற்குக் குறைந்தால் ரோலர் பேரிங்குக்கும் மோட்டாருக்கும் வீண் சுமை.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டின் அடிப்பக்கம் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரலில் வழவழப்பு ஒட்டினால் ஆயில் இருக்கிறது, வறண்டிருந்தால் விடுங்கள். வாசலில் போட்டு நடந்த செருப்பு, ஷூவோடு ஏறவேண்டாம். நம்ம ஊர் வண்டல் காய்ந்து பொடியாகி பெல்ட்டுக்கு அடியில் போனால் உப்புத்தாள் வேலை செய்யும். மிஷினுக்கென்று தனி ஷூ இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு கருகல் வாடை வந்தால் அது மோட்டார் பக்கம். பிளக்கைப் பிடுங்கி 10 நிமிடமாவது காத்திருந்து (போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும்) முன்மூடியைக் கழற்றிப் பாருங்கள். செத்த பல்லி, எலி கடித்த ஒயர், பஞ்சு மாதிரி தூசி, இந்த மூன்றில் ஒன்று கிடைக்க நல்ல வாய்ப்பு. அறுவடை முடிந்து வயல் எலி வீட்டுக்குள் வருகிற மாதங்களில் மூடியின் ஓட்டைகளுக்கு மெல்லிய கம்பிவலை ஒட்டுங்கள். காற்று போக வழி இருக்கவேண்டும், துணி அடைக்காதீர்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் உண்டு. எங்கே வைப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடத்தில். திண்ணையிலும் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்திலும் சாரல் அடிக்கும். தாழ்வாரத்தில் இன்னொரு தொல்லை, ஓடு இறங்கும் பக்கம் தலை இடிக்கும். மிஷினின் மேடை 15 செ.மீ. உயரம் என்று வையுங்கள். அதோடு ஆளின் உயரம், நடக்கும்போது எழும்புவதற்கும் ஏற்றத்துக்கும் சேர்த்து இன்னும் 25 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், தரையிலிருந்து கூரை அந்த உயரமாவது இருக்கவேண்டும். ரேழியில் நீளம் இருக்கும், பின்னால் கதவு வரும். தடுக்கினால் பெல்ட் ஆளைப் பின்னால்தான் தள்ளும், அதனால் பின்பக்கம் 2 மீட்டரும் பக்கவாட்டில் அரை மீட்டரும் காலியாக இருப்பது கட்டாயம். சுவரைப் பார்த்து முன்பக்கத்தை வையுங்கள், பின்பக்கத்தை ஒருபோதும் சுவரோரம் வைக்காதீர்கள். சிவப்பு சிமென்ட் தரை என்றால் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், கீறல் விழாது.

பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் சிவப்புச் சாவியை (அதை எடுத்துவிட்டால் மிஷின் ஓடாது) எடுத்து பீரோவில் வையுங்கள். பின் ரோலரில் பிஞ்சு விரல் சிக்கினால் தோல் உரிந்துவிடும். நடக்கும்போது அந்தச் சாவியின் கிளிப்பை இடுப்பில் மாட்டவேண்டும், முந்தானையில் அல்ல. புடவை, தொங்கும் துப்பட்டா, வேட்டி மூன்றும் பெல்ட்டுக்கு ஆகாது.

கேள்வி: 12,000 ரூபாய்க்குப் பழைய மிஷின் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடலோரம் என்பதால் துருவை முதலில் பாருங்கள். பின் போல்ட் இரண்டும் ஆலன் கீக்குச் சுழல்கிறதா? துருப்பிடித்து இறுகியிருந்தால் பெல்ட்டை இனி சரிசெய்யவே முடியாது. பலகையின் ஓரத்தில் விரல் வைத்துத் தடவுங்கள். உப்பியிருந்தால் எப்போதோ தண்ணீர் ஏறிய மிஷின். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ஊர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முன்மூடியைக் கழற்றச் சொல்லி போர்டின் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் 20 நிமிடம் நடந்து பாருங்கள். நடுவில் பெல்ட் நின்றால், முன் ரோலர் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ரோலர் சுற்றி பெல்ட் மட்டும் நின்றால் நடக்கும் பெல்ட் தளர்வு, எளிய வேலை. ரோலரும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால் உள்ளே இருக்கும் சின்ன பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதுவும் செலவு குறைவுதான். மோட்டாரே நின்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி. கரண்ட் இல்லாத, காலால் தள்ளும் டிரெட்மில் மலிவாக இருக்கிறதே?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். பெல்ட்டைக் காலால் தள்ளுவதற்காக அது சரிவாக நிற்கும், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முன்னால் சாய்ந்து தள்ளவேண்டும். அந்த அழுத்தம் முழங்காலில்தான் விழும். கைப்பிடி இல்லாத தட்டையான வாக்கிங் பேடும் இந்த வயதுக்குச் சரிவராது. மருத்துவரைக் கேட்டுவிட்டு, மோட்டார் வைத்ததில் 1.5 கி.மீ. வேகம், ஏற்றம் இல்லாமல், வேளைக்கு 10 நிமிடம் என்று ஆரம்பியுங்கள். நடந்துகொண்டே உங்களோடு பேச முடிகிற வேகம்தான் அவருக்கான வேகம். மழை இல்லாத நாளில் ஹரித்ராநதி தெப்பக்குளக் கரையில் சமமான தரையாகப் பார்த்து நடப்பது அவருக்கு எந்த மிஷினையும்விட நல்லது.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமா?
– வாசகர், திருவையாறு

பதில்: எகிறாது. 70 கிலோ ஆள் 5 கி.மீ. வேகத்தில் நடக்க சுமார் 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி என்றால் கால் யூனிட். இரண்டு மாதப் பில்லில் 15 யூனிட் வரும்.