சின்ன நிறுவனத்துக்குக் குபெர்னெட்டீஸ் தேவையா, டாக்கர் ஸ்வார்ம் போதுமா? டிராஃபிக்கைப் பிரித்துவிட எதை வைக்கலாம்?

கேள்வி கேட்டவர் தர்மபுரிக்காரர். டெவலப்பர்கள் நான்கு பேர், சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது, அப்ளிகேஷன்கள் ஏற்கெனவே டாக்கரில், அதாவது தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய கண்டெய்னர் என்னும் பெட்டிகளுக்குள், ஓடுகின்றன. பல மெஷின்களில் அந்தக் கண்டெய்னர்களைக் கட்டி மேய்க்க அடுத்த படி குபெர்னெட்டீஸா, ஸ்வார்மா, நோமாடா? வரும் கோரிக்கைகளை வாங்கிச் சரியான அப்ளிகேஷனுக்கு அனுப்ப முன்னால் நிறுத்த என்ஜின்எக்ஸா, டிரேஃபிக்கா, இஸ்டியோவா? இதுதான் கேட்டிருக்கிறார்.

"தனி ஆள் கிடையாது" என்ற இடத்திலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. விடியற்காலை சிஸ்டம் படுத்தால் யார் எழுந்து பார்ப்பார், அவருக்கு எது புரியும்? அதை வைத்துத்தான் நான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறேன். வசதிகளை வரிசை போட்டு டிக் அடிக்கும் அட்டவணைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன, எனக்கு அவை ஒருநாளும் உதவியதில்லை.

பெங்களூரில் ஆறு வருடம் இதே வேலை பார்த்துவிட்டுக் காவேரிப்பட்டணம் திரும்பியவன் நான். இப்போது மூன்று நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன்: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, ஒரு கிரானைட் ஏற்றுமதியாளர், ஓசூரில் ரோஜா அனுப்பும் ஒரு வியாபாரி. கண்டெய்னர் சம்பந்தமான வேலை என்று சொன்னால் ஊரில் லாரி ஆபீஸ் என்றுதான் நினைக்கிறார்கள். "சென்னை ஹார்பருக்கு ஒரு கண்டெய்னர் வாடகை இப்ப என்ன போவுது மாப்ளே?" என்று மாமா ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். விளக்கிப் பார்த்துத் தோற்றுப்போய், இப்போதெல்லாம் ஆலையில் விசாரித்து வாடகையையே சொல்லிவிடுகிறேன்.

கிரானைட் ஆபீஸ் கதை சின்னது. பன்னிரண்டு பேர் பயன்படுத்தும் ஸ்டாக், பில்லிங் அப்ளிகேஷன். ஒரே சர்வர், கண்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி ஓட்டும் டாக்கர் கம்போஸ், முன்னால் கேடி என்ற வெப் சர்வர். அங்கே ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது பல மெஷின்களில் கண்டெய்னர்களை மேய்ப்பது, என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் என்ஜின்எக்ஸ் வைத்து, லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் தளப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அந்தச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். ஸ்கிரிப்ட் எப்போதோ நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று எல்லார் திரையிலும் சிவப்பு எச்சரிக்கை. கேடி தானாகவே சான்றிதழ் வாங்கி, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அன்று மாற்றியதுதான், அப்புறம் அந்தப் பக்கம் போக வேண்டியே வரவில்லை.

மாங்கூழ் ஆலைக் கதை வேறு. வருடத்தில் ஒன்பது மாதம் அங்கே ஆளே இருக்காது. மே கடைசியிலிருந்து ஜூலை வரை இரவு பகல் தெரியாது. தோப்புகளிலிருந்து பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் ராத்திரியே வந்து வரிசை கட்டும். வாசலில் டோக்கன், எடைமேடையில் மொத்த எடை, காய் இறக்கியபின் வெறும் வண்டி எடை, அப்புறம் விவசாயி கையில் சீட்டு. இவ்வளவும் நான் வைத்த அப்ளிகேஷனில்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலை ஓரம் பொக்லைன் எங்காவது தோண்டினால் ஃபைபர் அறுந்துவிடும். அதனால் கிளவுடை நம்பாமல், ஆலைக்குள்ளேயே மூன்று சின்ன மெஷின்களை யூபிஎஸ்ஸோடு வைத்து கே3எஸ் போட்டிருக்கிறேன்.

கே3எஸ் என்பது குபெர்னெட்டீஸேதான், எடை குறைத்தது. 2019இல் ராஞ்சர் நிறுவனம் வெளியிட்டது. குபெர்னெட்டீஸ் என்ற பத்தெழுத்து ஆங்கிலப் பெயரைக் கே8எஸ் என்று சுருக்குவார்கள். அதில் பாதி என்றால் ஐந்தெழுத்து, ஆகவே கே3எஸ். ஒரே பைனரி ஃபைல், ஒரே கட்டளையில் இன்ஸ்டால் ஆகும், டிரேஃபிக் கூடவே வரும். எது எங்கே ஓட வேண்டும் என்ற பதிவேட்டை வைக்க, ஒரே மெஷின் என்றால் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும். மூன்று மெஷின் என்றால் அந்தப் பதிவேட்டை மூன்றிலும் ஒத்துவைக்கும் எட்சிடி உள்ளேயே இருக்கிறது, ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் ஓட்டும். இரண்டு மெஷின் வைத்துக்கொண்டு "ஒன்று போனாலும் ஒன்று இருக்கிறதே" என்று தைரியமாக இருக்காதீர்கள். எட்சிடிக்குப் பெரும்பான்மை வேண்டும். இரண்டில் ஒன்று போனால் பெரும்பான்மையும் போச்சு. ஸ்வார்மை நடத்தும் மேனேஜர் மெஷின்களுக்கும் இதே கணக்குதான்.

இவ்வளவும் செய்து வைத்துவிட்டுத்தான் ஒரு ஜூன் மாதம் மாட்டிக்கொண்டேன். காலை நாலே முக்காலுக்கு எடைமேடைக்காரர் போன்.

"தம்பி, உன் சிஸ்டம் சுத்திக்கினே இருக்குது. வாசல்ல நாப்பது வண்டி நிக்குது."

"பார்க்கறேண்ணே, அஞ்சு நிமிஷம்."

"நீ பொறுமையா பாரு. நான் கையில எழுத ஆரம்பிச்சுட்டேன்."

லேப்டாப்பைத் திறந்து பாட்களை (குபெர்னெட்டீஸில் கண்டெய்னர் ஓடும் கூடு) பட்டியலிட்டால், ரீஸ்டார்ட் என்ற கட்டத்தில் 11, 12, 14 என்று எண்கள். மூன்று பாட்களும் எழுந்து, அரை நிமிடம் நின்று, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. மெமரி பற்றாமல் போயிருந்தால் 137 என்ற குறியோடு காரணமும் தெரியும், இங்கே அதுவும் இல்லை. கொன்றது குபெர்னெட்டீஸேதான்.

அப்ளிகேஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் புரோபை நான்தான் எழுதினேன். "சும்மா சரி என்று பதில் சொன்னால் போதுமா, டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கட்டுமே" என்று கெட்டிக்காரத்தனமாக அதற்குள் ஒரு குவெரியைச் செருகியிருந்தேன். அன்று விடிகாலையில் கணக்குப் பிரிவில் யாரோ சீசன் முழுவதற்கும் பட்டுவாடா ரிப்போர்ட் ஓடவிட்டிருக்கிறார்கள். டேட்டாபேஸ் திணறியது. லைவ்னஸ் புரோபுக்கு நாமாக ஒன்றும் சொல்லாவிட்டால், 10 நொடிக்கு ஒருமுறை கேட்கும், 1 நொடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து 3 முறை தவறினால் கண்டெய்னரைக் கொன்று புதிதாக எழுப்பும். என் அப்ளிகேஷன் எழுந்து உட்காரவே கொஞ்ச நேரம் ஆகும். எழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் டேட்டாபேஸை முட்டும், அது இன்னும் திணறும், புரோப் மறுபடி தவறும். நோய் டேட்டாபேஸுக்கு, ஊசி போட்டுக்கொண்டிருந்தது நன்றாக இருந்த அப்ளிகேஷனுக்கு.

ரிப்போர்ட்டை நிறுத்தி, லைவ்னஸிலிருந்து குவெரியை எடுத்து, டேட்டாபேஸ் சோதனையை ரெடினஸ் புரோபுக்கு மாற்றி, எழுந்திருக்க அவகாசம் தரும் ஸ்டார்ட்அப் புரோபையும் சேர்த்து முடிக்க ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ரெடினஸ் தவறினால் யாரையும் கொல்லாது, அந்தப் பாடுக்கு டிராஃபிக் அனுப்புவதை மட்டும் நிறுத்தும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்திருந்தேன், பெங்களூரில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்! கையால் எழுதிய சீட்டுகளைப் பதிவேற்ற இரண்டு பேருக்கு மறுநாள் மத்தியானம்வரை ஆனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அதே அப்ளிகேஷன் ஸ்வார்மில் இருந்திருந்தால் அன்று ஒருவேளை தப்பித்திருக்கும். டாக்கரின் ஹெல்த்செக் நாம் மாற்றாதவரை 30 நொடிக்கு ஒருமுறைதான் கேட்கும், பதிலுக்கு 30 நொடி பொறுக்கும். அந்த மந்தமே காப்பாற்றியிருக்கும். குபெர்னெட்டீஸ் கொடுப்பது கூர்மையான கத்தி. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் உங்கள் நான்கு பேரில் ஒருவராவது இருக்கிறாரா?

சரி, ஸ்வார்ம். 2016இல் டாக்கர் 1.12உடன் உள்ளேயே வந்தது. கம்போஸ் ஃபைல் எழுதத் தெரிந்தவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். எந்த மெஷினின் போர்ட்டைத் தட்டினாலும் சரியான கண்டெய்னருக்குக் கொண்டுபோய்விடும். புதியதை எழுப்பிவிட்டுப் பழையதை நிறுத்தச் சொல்லலாம். கூட்டம் வந்தால் தானாக எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் வசதி மட்டும் இல்லை. குறை சொல்ல வேண்டுமானால், அதைச் சுற்றி இருந்த கூட்டம் கலைந்துவிட்டது. 2019 நவம்பரில் டாக்கரின் எண்டர்பிரைஸ் பிரிவை மிராண்டிஸ் வாங்கியது. ஸ்வார்ம் இன்னும் ஓடுகிறது, ஆனால் புதிதாக எழுதப்படும் எந்தக் கருவியும் முதலில் குபெர்னெட்டீஸைத்தான் பார்க்கிறது. வேலைக்கு எடுக்கும் பையனும் அதைத்தான் கற்றுக்கொண்டு வருகிறான்.

நோமாடை எனக்குப் பிடிக்கும். கண்டெய்னராக இல்லாத பழைய ஜாவா புரோகிராமையும் அப்படியே ஓட்டும். ஆனால் 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் அதன் உரிமத்தைத் திறந்த மூலத்திலிருந்து மாற்றியது, பிறகு அந்த நிறுவனத்தையே ஐபிஎம் வாங்கிவிட்டது. உங்கள் சொந்த நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. இருந்தாலும் தர்மபுரியிலிருந்து நோமாட் தெரிந்த ஆளை எங்கே போய்த் தேடுவீர்கள்?

கிளவுடில் வாடகைக்குக் குபெர்னெட்டீஸ் எடுப்பதானால் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். அமேசானின் இகேஎஸ்ஸில், எல்லா மெஷின்களையும் நடத்தும் மூளையான கட்டுப்பாட்டு மேடைக்கு மணிக்கு 0.10 டாலர். மாதம் 73 டாலர், ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். இதில் மெஷின் வாடகை சேரவில்லை. குபெர்னெட்டீஸில் வருடத்துக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதம்தான் ஆதரவு. அப்டேட் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் இகேஎஸ் அதை நீட்டித்த ஆதரவுக்கு மாற்றி மணிக்கு 0.60 டாலர் போடும். ஆள் இல்லாத நிறுவனத்துக்கு இது சோம்பல் வரி.

இனி டிராஃபிக். கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் சேரும் இடத்தைக் கடந்தவருக்கு இதன் அவசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன நிறுவனத்துக்கு ஆர்கெஸ்ட்ரேட்டரைவிட இதுதான் முக்கியம் என்பேன். கண்டெய்னர் ஒரே மெஷினில் இருந்தாலும் வாசலில் நிற்பவர் ஒழுங்காக இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது.

என்ஜின்எக்ஸ் 2004இலிருந்து இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று: இலவசப் பதிப்பு பின்னால் உள்ள சர்வர் சரியாக இருக்கிறதா என்று தானாகப் போய்ப் பார்க்காது. ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் அந்தச் சர்வரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கும். முன்கூட்டியே தட்டிப் பார்ப்பது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். அதைவிட மூத்த ஹெச்ஏபிராக்ஸி, 2001லிருந்து இருப்பது, இதை இலவசமாகவே செய்கிறது. ஓசூர் ரோஜா வியாபாரிக்கு அதைத்தான் வைத்தேன். காதலர் தினத்துக்கு முந்தைய மூன்று வாரம்தான் அவருக்குச் சீசன், அந்த நேரத்தில் புதுப் பதிப்பு போட யாருக்கும் துணிவு வராது. ஹெச்ஏபிராக்ஸியில் பழையதுக்கு 95, புதியதுக்கு 5 என்று எடை கொடுத்து, அதன் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு டீ குடித்தபடி பார்க்கலாம். பிழை ஏறினால் 5ஐ 0 ஆக்கினால் முடிந்தது.

டிரேஃபிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தால் டிராஃபிக் என்றுதான் காதில் விழுகிறது, போனில் பேசும்போது பெரிய குழப்பம். கண்டெய்னர் மேல் ஒட்டிய லேபிளைப் படித்துத் தானே வழி அமைத்துக்கொள்ளும், சான்றிதழும் வாங்கிக்கொள்ளும். ஸ்வார்முக்கும் கே3எஸ்ஸுக்கும் நல்ல ஜோடி. ஆனால் இலவசப் பதிப்பில் இரண்டு டிரேஃபிக்குகளை ஓடவிட்டால் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை அவை தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளாது. டாக்கரை முழுக்கக் கட்டுப்படுத்தும் டாக்கர் சாக்கெட்டை அதன் கையில் கொடுப்பதும் வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரிதான், யோசித்துச் செய்யுங்கள்.

சர்வீஸ்களுக்கு இடையே ஓடும் டிராஃபிக்கையும் கவனிக்கும் இஸ்டியோ வேண்டாம். பெங்களூரில் இருநூறு சர்வீஸ்கள் உள்ள இடத்தில் அதோடு வாழ்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பாடுக்கும் பக்கத்தில் என்வாய் என்ற பிராக்ஸி ஒன்று உட்கார்ந்து மெமரி தின்னும். அப்படி உட்காராத ஆம்பியன்ட் முறை 2024 நவம்பரில் முழுமை பெற்றது, சுமை குறைந்தது உண்மை. ஆனாலும் அதைக் கட்டி மேய்க்க நான்கு பேரில் ஒருவர் முழுநேரமாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குபெர்னெட்டீஸ் பக்கம் போனால் பழைய டியூட்டோரியல்கள் எல்லாம், வெளியிலிருந்து வரும் டிராஃபிக்கை உள்ளே அனுப்ப இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் போடச் சொல்லும். சமூகம் நடத்திவந்த அந்தத் திட்டத்துக்கு 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். எஃப்5 நிறுவனம் தரும் கிட்டத்தட்ட அதே பெயருள்ள கன்ட்ரோலர் வேறு, அது தொடர்கிறது. புதிதாகத் தொடங்குபவர் டிராஃபிக் வழிகளை எழுதும் புதிய முறையான, 2023 அக்டோபரில் 1.0 ஆன கேட்வே ஏபிஐயை ஆதரிக்கும் ஒன்றை எடுப்பது நல்லது. டிரேஃபிக் ஆதரிக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்றைக்குக் கம்போஸிலேயே இருப்பேன், முன்னால் டிரேஃபிக்கோ ஹெச்ஏபிராக்ஸியோ வைத்து, ஹெல்த்செக்கை ஒழுங்காக எழுதுவேன். ஒரு மெஷின் போதாது என்று ஆகும்போது மூன்று மெஷினில் கே3எஸ். அதற்கு முன் ஒருவரை ஆறு மாதம் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் கே3எஸ்ஸை உடைத்து உடைத்துப் பழகச் சொல்வேன். கற்றுக்கொள்ள யாருக்கும் நேரமே கிடைக்காது என்றால் ஸ்வார்ம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டேட்டாபேஸ் எங்கே ஓடுகிறது என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. அதுவும் கண்டெய்னருக்குள்தான் என்றால் கமெண்டில் எழுதுங்கள், கே3எஸ் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.