புருகத்காயோசாரஸ் என்பது என்ன? அரைகுறை எலும்பை வைத்து அதன் எடையை எப்படிச் சொல்கிறார்கள்?

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த, இலைதழை தின்னும் நீள்கழுத்து டைனோசர் இது. சுமார் 7 கோடி ஆண்டு பழையது. 1980களின் பிற்பகுதியில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் இதை விவரித்தார்கள். கிடைத்தவை இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, சுமார் 2 மீட்டர் நீளக் கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு, அவ்வளவுதான். தலையும் இல்லை, கழுத்தும் இல்லை. முதலில் ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள்!

அந்த எலும்புகளும் இன்று இல்லை, நொறுங்கிவிட்டன. களிமண் கலந்த பாறைப்படிவு மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். உள்ளிருக்கும் எலும்பு விரிசல்விடும். அதனால்தான் இப்படிப்பட்ட எலும்புக்கு முதலில் பசையேற்றி, பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணியால் கட்டுப்போட்ட பிறகே பெயர்க்க வேண்டும். எஞ்சியவை படங்களும் அளவுகளும்தான்.

எடைக்கணக்கு, திருவாரூர் ஆழித்தேரின் ஒரு சக்கரத்தை மட்டும் அளந்து முழுத்தேரின் எடையைச் சொல்வது போன்றது. முழுமையாகத் தெரிந்த உறவு டைனோசரின் காலோடு ஒப்பிட்டுப் பெருக்குவார்கள். நீளத்தில் 10% பிசகினால் எடையில் 33% பிசகும், ஏனென்றால் எடை நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். 2023இல் வந்த 110–130 டன் கணிப்பையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

தஞ்சை, நாகை வயலில் ஆழ்துளைக் கிணறு போடும்போது வரும் எலும்பை டைனோசர் என்று நம்பிவிடாதீர்கள்: டெல்டாவின் மேல்வண்டல் சில ஆயிரம் ஆண்டு வயதே ஆனது, பெரும்பாலும் அது மாட்டெலும்பு.