மஸ்டாங் எந்தச் சவாரிக்குப் பொருந்தும்? கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திறந்தவெளியில் திரியும் மஸ்டாங் குதிரைகளுக்கு 1971 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிலம் தாங்காத அளவுக்குக் கூட்டம் பெருகும்போது, நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். ஒரு பகுதியைப் பிடித்துத் தத்து கொடுக்கிறது. அப்படி ஒன்றை வாங்கி, விரும்பிய சவாரிக்குப் பழக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை.

அக்கா, நான் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளுக்குப் பழக்கும் சவாரி) கற்றுக்கொள்கிறேன். மஸ்டாங் இனமே அதற்குச் சரிப்படாது என்கிறார் என் பயிற்சியாளர். உண்மையா?

மஸ்டாங்கை ஒரே அச்சில் வார்த்த இனமாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்களோடு பண்ணைக் குதிரைகள், ராணுவத்துக்காக வளர்த்தவை, வண்டி இழுத்தவை எல்லாம் கலந்த ரத்தம் அது. ஆரிகனின் கைகர் கூட்டத்திலும், மொன்டானா வயோமிங் எல்லையிலுள்ள ப்ரையர் மலைக் கூட்டத்திலும் ஸ்பானியச் சாயல் நன்றாகத் தெரியும். வேறு சில கூட்டங்களில் உயரமான, கனமான குதிரைகள் கிடைக்கும். அதனால் முதலில் எந்தக் கூட்டத்தில் பிடித்தது என்று கேளுங்கள்.

அப்புறம் நடையைப் பாருங்கள். குதிரை இயல்பாக நடக்கும்போது பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா? கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில், மூன்று தாளமும் தெளிவாகக் கேட்கிறதா? ட்ராட் என்னும் துள்ளோட்டத்தைப் பயிற்சியால் நிறையவே மெருகேற்றலாம். நடையும் கேன்டரும் பெரும்பாலும் பிறவியோடு வருபவை, அவற்றைத் திருத்துவது கடினம். சேணத்துக்கு முன்னால் இருக்கும் தோள்மேட்டை விடப் புட்டம் உயர்ந்திருந்தால் வயதைக் கேளுங்கள். 3 வயது என்றால் இன்னும் வளரும். 7 வயதிலும் அப்படியே இருந்தால், எடையைப் பின்கால்களுக்கு மாற்றும் உயர்நிலைப் பயிற்சிகளில் அது திணறும். ஆரம்ப நிலைப் போட்டிகளுக்கு மட்டும் என்றால், நொண்டாத, சீராக நடக்கும் எந்த மஸ்டாங்கும் போதும். பயிற்சியாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வயதை எப்படி உறுதி செய்வது?

கழுத்தின் இடப்பக்கம், பிடரி மயிருக்குக் கீழே, உறைய வைத்த உலோகத்தால் இட்ட உறைகுளிர் முத்திரை இருக்கும். கோணக் குறிகளாலான அதில் பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் உண்டு. வெளியில் பிடித்த குதிரைக்கு அந்த ஆண்டே பல்லைப் பார்த்து மதிப்பிட்டதுதான். பதிவு எண்ணைக் கொடுத்தால் எந்தக் கூட்டம் என்பதைப் பி.எல்.எம். சொல்லும்.

என் எடை 85 கிலோ. 14 ஹேண்ட்ஸ் (ஒரு ஹேண்ட் 4 அங்குலம்) உயரக் குதிரையில் 100 மைல் எண்டூரன்ஸ் (நெடுந்தூரச் சவாரி) போட்டிக்குப் போகலாமா?

அந்தக் குதிரையில் வேண்டாம் தம்பி. சவாரி செய்பவர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அந்த உயர மஸ்டாங் 400 கிலோ இருந்தால் 80 கிலோவோடு சரி. சேணத்தோடு நீங்கள் 95 கிலோ வருவீர்கள். 15 ஹேண்ட்ஸுக்கு மேல், முதுகு குட்டையாக, இடுப்பு அகலமாக, முழங்காலுக்குக் கீழே எலும்பு தடித்த குதிரையாகத் தேடுங்கள்.

ஆனால் சவாரி வகையைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை, சியரா நெவாடா மலைகளைக் கடந்து 24 மணி நேரத்தில் 100 மைல் போகும் கடும் சவாரி. அரபுக் குதிரைகளின் கோட்டையான அதை மஸ்டாங்குகளும் முடித்திருக்கின்றன. கல்லிலும் மேட்டிலும் வளர்ந்ததால் காலை எங்கே வைப்பது என்று அவற்றுக்குத் தெரியும். வாங்கும் முன் ஒரு மேட்டில் ட்ராட் ஓடவிட்டு, நிறுத்தி, 10 நிமிடம் கழித்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60ஐ ஒட்டி இறங்கினால் நல்ல அறிகுறி. போட்டியில் கால்நடை மருத்துவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

13 வயது மகள் ஜம்பிங் (தடை தாண்டும் சவாரி) பழகுகிறாள். அவளுக்கு ஒன்று வாங்கலாமா?

பழக்காத குதிரை கூடவே கூடாது. நெவாடாவின் கார்சன் சிட்டி சிறையில் கைதிகள் பழக்கிய குதிரைகளை ஏலம் விடுகிறார்கள். அது போலச் சேணம் பழகியதாகப் பாருங்கள். ஆள் ஏறாமல் தாழ்வான கம்பைத் தாண்டவிட்டு, முன்முழங்கால்களை மடக்கித் தூக்குகிறதா என்று கவனியுங்கள். ஜம்பிங்கில் தடைகளுக்கு இடையே உள்ள தூரம், குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 12 அடி என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது. சிறிய மஸ்டாங் நடுவில் ஒரு பாய்ச்சல் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். உள்ளூர்ப் போட்டிகளில் அது பெரிய குறை இல்லை.

பட்டியில் நிற்கும், யாரும் தொடாத குதிரையின் குணத்தை எப்படிக் கணிப்பது?

வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். திடுக்கிடாத குதிரையைத் தேடாதீர்கள். திடுக்கிட்ட பிறகு எது சீக்கிரம் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு கதவு படாரென்று மூடும். எல்லாம் ஓடும். அதில் ஒன்று நின்று, திரும்பி, காதை நீட்டிப் பார்க்கும், பிறகு வைக்கோலுக்குப் போய்விடும். நான் அதைத்தான் குறித்துக்கொள்வேன். அமெரிக்க எல்லைக் காவல் படையின் ரோந்துக்கும், கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவில் மரைன் படையின் குதிரைக் கொடி அணிக்கும் மஸ்டாங்குகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே நிற்க அந்தக் குணம்தான் வேண்டும்.

மூலையில் அசையாமல் நிற்பதைச் சாது என்று நம்பிவிடாதீர்கள். பயத்தில் உறைந்தும் நிற்கும். உடல் இறுகி, மூச்சு மேலோட்டமாக இருந்தால் அது அமைதி இல்லை. மாடு மடக்கும் வேலைக்கு என்றால், பக்கத்துக் குதிரை நகரும்போது தலையைத் தாழ்த்திக் கூடவே திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள்.

100 நாளில் பழக்கிக் காட்டும் போட்டியில் பரிசு வாங்கிய 4 வயதுக் குதிரை விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?

கற்கும் மனம் இருப்பது அதில் தெரிகிறது. உடல் தாங்குமா என்பது தெரியாது. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். கால்நடை மருத்துவரைக் கொண்டு பின்முழங்காலுக்கும் குளம்புக்கும் எக்ஸ்ரே எடுங்கள். குளம்பில் குறுக்கு வளையங்கள் ஒழுங்கற்று இருந்தால் உணவைப் பற்றிக் கேளுங்கள். வறண்ட நிலத்துப் புல்லுக்குப் பழகிய உடம்பு, வளமான பச்சைப் புல்லில் சீக்கிரம் கொழுத்து, குளம்பின் உள்ளே அழற்சி வரும் லாமினைடிஸ் நோயில் விழலாம். அந்த நோய் ஒருமுறை வந்த குதிரையை ஜம்பிங்குக்கோ எண்டூரன்ஸுக்கோ நான் எடுக்க மாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.