நீலத் திரை 48 இலக்கம் கேட்கிறதே! – ஆபீஸ் லேப்டாப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாடல் பெயரே இல்லை. ‘டெல் லேப்டாப்’, ‘லெனோவோ லேப்டாப்’ என்று மட்டும் எழுதினால் ‘டிவிஎஸ் வண்டி’ என்று எழுதியது மாதிரிதான். லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். மாடல் பெயரையாவது எழுதுங்கள். ஊகித்துப் பதில் சொல்வது உங்களுக்கும் நல்லதல்ல.

512 ஜிபி என்று சொல்லி விற்றார்கள், 476 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ஈரோடு)

இல்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 1 டிபி வாங்கியிருந்தால் 931 காட்டும்.

கேமரா கறுப்பாகவே இருக்கிறது. டிரைவர் (கேமராவை இயக்கும் சாஃப்ட்வேர்) மூன்று முறை போட்டாயிற்று. (கும்பகோணம்)

திரைக்கு மேலே கேமரா துளையை உற்றுப் பாருங்கள். சின்னதாக ஒரு தள்ளுமூடி இருக்கும், அதை நகர்த்துங்கள். சில மாடல்களில் கேமரா படம் போட்ட பட்டனே உண்டு. டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் கண்ணால் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

கடையில் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கிறது. பேட்டரி கெடுமா? (மதுரை)

100 சதவீதத்திலேயே வைத்திருந்தால் கெடும். லித்தியம் செல் முழு மின்னழுத்தத்திலும் சூட்டிலும் சேர்ந்தாற்போல் கிடந்தால்தான் வேகமாக மூப்படைகிறது. அதனால் 80-ல் நிறுத்தி வையுங்கள். திங்க்பேடில் வான்டேஜ் செயலியில் 75-ல் தொடங்கி 80-ல் நிற்கும்படி அமைக்கலாம். டெல் லாட்டிட்யூடில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் அடிப்படைச் சாஃப்ட்வேர்) பேட்டரி பகுதியில் ‘பிரைமரிலி ஏசி யூஸ்’. எச்பி எலைட்புக், புரோபுக்கில் பயாஸில் ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’. வெளியூர் போகிற முந்தின ராத்திரி மட்டும் 100-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க: கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் அறிக்கையில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணில் முக்கால்வாசிக்கும் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒன்று கவனியுங்கள்: லேப்டாப்புக்கு மூன்று வருட வாரன்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

மூடி பையில் வைத்தால் சுடச்சுட இருக்கிறது, வீடு போவதற்குள் சார்ஜும் காலி. (சென்னை)

புது மாடல்களில் பழைய ‘ஸ்லீப்’ கிடையாது. செல்போன் மாதிரி அரைத்தூக்கம்தான். மூடிய பிறகும் மெயில் இறக்கும், அப்டேட் தேடும். பைக்குள் காற்று போகாததால் சூடு ஏறுகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘ஹைபர்னேட்’ (வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) வையுங்கள். பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முன் சொன்ன அதே பவர்சிஎஃப்ஜிக்குப் பின் சாய்கோடு, ‘எச்’, இடம் விட்டு ‘ஆன்’. திறந்தால் வேலைக்கு வரப் பத்து இருபது விநாடி ஆகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் அப்டேட் போட்டேன். நீலத் திரை வந்து ‘ரெக்கவரி கீ’ கேட்கிறது. நான் எந்தக் கீயும் போடவே இல்லை. ஆடிட் ஃபைல் எல்லாம் உள்ளே. (கோயம்புத்தூர்)

இதே கேள்வி இந்த முறை வேறு மூன்று பேரிடமிருந்தும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து விவரமாகவே சொல்கிறேன்.

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதல் முறை திறக்கும்போதே, வசதி இருக்கிற மெஷினில் டிஸ்க் முழுவதையும் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் சொந்தப் பூட்டு பூட்டிவிடும். சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பயாஸ், செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் தொடங்கவிடும் காவல்) எல்லாம் நேற்று மாதிரியே இருக்கிறதா என்று அது சரிபார்க்கிறது. பயாஸை மாற்றினாலோ, செக்யூர் பூட்டை அணைத்தாலோ, மதர்போர்டே மாறினாலோ கணக்கு பொருந்தாது. சிப் சாவியைத் தராது. திருடன் கையில் போனால் உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு வெளியே போகாமல் காப்பதும் இதே பூட்டுதான். அதனால் பூட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது. திரையில் ‘ரெக்கவரி கீ ஐடி’ என்று ஒரு வரி இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்தில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்பைத் தேடினால் ரெக்கவரி கீ எனும் மாற்றுச் சாவிகள் வரிசையாக இருக்கும். அந்த எட்டு எழுத்து பொருந்துகிற சாவிதான் உங்களுடையது. ஆறு ஆறாக எட்டுக் கட்டம், மொத்தம் 48 இலக்கம். ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11-ஆல் வகுபடும்படி அமைந்தது, எனவே ஓர் எண் தப்பினால் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். நிதானமாக அடியுங்கள். கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் சாவி ஐடி பிரிவினரிடம் இருக்கும், அவர்களைக் கேளுங்கள்.

என் ஆதங்கம் வேறு இடத்தில். புது லேப்டாப்பைக் கடையிலேயே ‘செட்டப் பண்ணிக் கொடுங்கள்’ என்று விட்டுவிடுகிறீர்கள். அங்கிருக்கும் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியையே போட்டுத் திறந்து கொடுக்கிறான். சாவி அவன் கணக்குக்குப் போய்விடுகிறது. ஒரு வருடம் கழித்துத் திரை நீலமாகும்போது அவன் அந்தக் கடையில் இருக்க மாட்டான். அப்புறம் உங்கள் ஃபைலைத் திறக்க யாராலும் முடியாது, எந்தச் சாஃப்ட்வேரும் கிடையாது. ‘உடைத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது ஒன்றே வழி. ஆயிரம் ரூபாய் பேரத்துக்கு அரை மணி நேரம் நிற்கிறீர்களே, உங்கள் சொந்த மெயிலில் திறக்க இன்னும் பத்து நிமிடம் நிற்கக் கூடாதா? கடைக்காரர்களும் இதைச் செய்யக் கூடாது. தெரியாமல் செய்தாலும் தவறு தவறுதான்.

இன்றைக்கே செய்யுங்கள்: ஸ்டார்ட்டில் பிட்லாக்கர் என்று தேடி, ‘பேக் அப் யுவர் ரெக்கவரி கீ’யில் பிரின்ட் கொடுங்கள். அந்தத் தாள் வாரன்டி பில்லோடு பீரோவில் இருக்கட்டும், லேப்டாப் பையில் வேண்டாம். பயாஸ் அப்டேட்டுக்கு முன் அதே இடத்தில் ‘சஸ்பெண்ட்’ கொடுத்து (பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி), சார்ஜர் செருகிய நிலையில் மட்டும் போடுங்கள்.

லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது. (தஞ்சாவூர்)

மூன்று கால் பிளக்கை இரண்டு கால் கன்வெர்ட்டரில் செருகியிருப்பீர்கள். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. எர்த் இருந்தால் அது தரைக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு. கசிவு சிறியது என்றாலும் எர்த் இல்லாத சாக்கெட் ஆபத்தானதே. கன்வெர்ட்டரைத் தூக்கி எறியுங்கள். அப்புறமும் சுருசுருத்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 230 வோல்ட் வர வேண்டும்.

டைப்-சி கேபிளில் மானிட்டர் வேலை செய்யவில்லை. (திருச்சி)

எந்தக் கேபிள்? செல்போனோடு வந்ததா? அதில் படம் போகும் கம்பியே இருக்காது. மானிட்டரோடு வந்ததைப் போடுங்கள். போர்ட் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளே குறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது. சார்ஜிங்குக்கும் இதுதான் கதை: சாதாரணக் கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும்.

டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் எல்லாம் ‘இடம் இல்லை’ என்கிறது. டிஸ்க்கில் 300 ஜிபி காலி! (சேலம்)

இடம் இல்லாதது டிஸ்க்கில் அல்ல, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் அது தன்னிடம் இழுத்துக்கொண்டிருக்கிறது, இலவச இடமோ 5 ஜிபிதான். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். ஆனால் முதலில் அந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு. இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

டச்பேட் ஒரு பக்கம் அழுத்தவே முடியவில்லை. கிரீஸ் போடலாமா? (திருநெல்வேலி)

போடாதீர்கள்! லேப்டாப்பைச் சமதளமான மேஜையில் வைத்து மூலையைத் தட்டிப் பாருங்கள். நாற்காலி கால் ஆடுவது போல ஆடினால், அல்லது டச்பேடின் விளிம்பு நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு மேலே வந்திருந்தால், கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது. சர்வீஸ் சென்டருக்கு போன் செய்யும்போது ‘பேட்டரி உப்பியிருக்கிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

திடீரென்று ஆன் ஆகவே இல்லை. விளக்குகூட எரியவில்லை. (வேலூர்)

சார்ஜரைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். திங்க்பேட் என்றால் அடியில் ஊசித்துளை இருக்கும், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுச் சார்ஜரைச் செருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே உயிர் வந்துவிடும். வராவிட்டால் சர்வீஸ்தான், அங்கே மதர்போர்டை மாற்ற வேண்டி வரலாம். மாற்றினால் முதல் முறை ஆன் செய்யும்போதே நீலத் திரை வரும். பீரோவில் அந்த ரெக்கவரி கீ தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.