மே மாதம் தென்கிழக்கு அலாஸ்காவில் கைடு இல்லாமல் கிங் சால்மன் பிடிக்க முடியுமா? கெச்சிகனா, சிட்காவா?

சியாட்டிலிலிருந்து நாலு பேர், மே மூன்றாவது வாரம், வாடகைப் படகு, கைடு கிடையாது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம். ஊர் சிட்காவாக இருக்கட்டும்.

காரணம் மீனின் பிறந்த ஊர். டாக்கு, ஸ்டிகீன், சில்கட், யூனக் ஆறுகளில் பிறந்த கிங், முட்டையிடத் திரும்புவது சரியாக இந்த மே, ஜூனில்தான். யூனக் ஆறு கெச்சிகனுக்குப் பின்னால் இருக்கும் பேம் கால்வாயில் விழுகிறது. இந்த ஆறுகளில் மீன் வரத்து குறைந்துபோனதால் 2018இல் சில்கட், யூனக் இரண்டையும் கவலைக்குரிய பட்டியலில் சேர்த்தார்கள். அதிலிருந்து வசந்த காலத்தில் இந்த உள்கடல் பகுதிகளில் பல இடங்களில் கிங்கை வைத்துக்கொள்ளக் கூடாது; மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும். சிட்காவுக்கு வெளியே மேய்வது பெரும்பாலும் வேறு கூட்டம். பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன் ஆறுகளில் பிறந்து, தீனிக்காக வடக்கே வந்த மீன்கள். மார்ச் கடைசியில் ஹெரிங் (நம்ம மத்திக்கு உறவான மீன்) சிட்கா கரையோரம் முட்டையிடக் கூட்டமாக வரும். அதைத் துரத்திக்கொண்டு கிங்கும் வரும்.

இந்த மீன்கள் அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் பொதுச் சொத்து என்பதால் 1985இல் போட்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தப்படி எவ்வளவு பிடிக்கலாம் என்ற அளவு வருஷா வருஷம் கணக்குப் போட்டுத்தான் வரும். எனவே போன வருஷக் கையேட்டை நம்பிப் போகாதீர்கள். அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை சீசனுக்கு முன் வெளியிடும் கிங் அறிவிப்பும், நடுவில் போடும் அவசர ஆணையும் அச்சிட்ட புத்தகத்தை ரத்து செய்துவிடும். கிளம்பும் முதல் நாள் இரவு ஒருமுறை பாருங்கள். வரைபடத்தில் தடைப் பகுதியின் எல்லைக்கோடு கரையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் குற்றம். ஜிபிஎஸ்ஸில் கோட்டைப் போட்டு வையுங்கள்.

16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளி மாநிலத்தவருக்கு உரிமம் கட்டாயம். கிங் பிடிக்கத் தனி முத்திரையும் வேண்டும். ஏழு நாளுக்கு உரிமம் 45 டாலர், முத்திரை இன்னொரு 45. மீனின் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை குறைந்தது 28 அங்குலம், அதாவது 71 செ.மீ. இருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஆண்டுக்கு இத்தனை கிங்தான் என்ற வரம்பும் உண்டு. ஜூன் 30க்குப் பிறகு அது இறங்கும்போது முன்பு பிடித்ததும் கணக்கில் சேரும். மீன் படகுக்குள் வந்த உடனே, அடுத்த தூண்டில் போடும் முன், உரிமத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். கரைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அபராதம் கட்ட நேரும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான்.

இரைக்கு ஹெரிங்கைத் தலை வெட்டிப் போடுவதே எனக்குப் பிடித்த முறை. அயோடின் கலக்காத கல்லுப்பு கரைத்த தண்ணீரில் முந்தைய இரவே ஊறவிட்டால் சதை இறுகும். பாதி உறைந்திருக்கும்போதே, செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரே வெட்டு. கத்தி மழுங்கலாக இருந்தால் வெட்டு முகம் பிய்ந்து, இரை உருண்டு சுழலாமல் குப்புறக் கவிழும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். குடலை உருவிவிட்டு, இரண்டு தூண்டில் முள்ளில் முன் முள்ளை வெட்டுக்குள்ளிருந்து தோள் வழியே வெளியே எடுங்கள். பின் முள்ளை வாலுக்கருகே பக்கவாட்டில் குத்தலாம். படகோரத்தில் நீரில் இழுத்துப் பாருங்கள்: துளைப்பான் மாதிரி இறுக்கமாகச் சுழன்றால் சரி. செதில் உதிர்ந்த ஹெரிங்கைத் தூக்கிப் போடுங்கள், அதில் பளபளப்பு இல்லை. 4 முதல் 6 அவுன்ஸ் ஈயம், அதிலிருந்து ஆறடி நரம்பு. விடியலில் மேலே, வெயில் ஏற ஏற ஆழத்தில்.

அடியில் இறக்கினால் ராக்ஃபிஷ் மாட்டும் (நம்ம பாறை மீன் இல்லை, வேறு இனம்). இதற்கு மூடிய காற்றுப்பை. ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்று விரிந்து கண் பிதுங்கும், வயிறு வாய் வழியே வெளியே தள்ளும். அப்படியே விட்டால் பலூன் மாதிரி மிதந்து சாகும். யெல்லோ ஐ என்னும் ஆரஞ்சு நிற வகை நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. 2020இல் அதை வைத்துக்கொள்ளத் தடை வந்தது. அதே ஆண்டிலிருந்து எல்லாப் படகிலும், மீனைத் தாடையில் பிடித்து எடையோடு கீழே இறக்கி விடும் கருவி தயாராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பிடித்த ஆழத்துக்கோ குறைந்தது 100 அடிக்கோ இறக்க வேண்டும். வாடகைப் படகில் அது இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். அடியில் வாழும் வேறு இரண்டு மீன்களான லிங்காட், ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை கிடையாது, அப்படியே விட்டுவிடலாம். லிங்காட் மே 16இல்தான் திறக்கும். வெளியூர்க்காரருக்கு நீள வரம்பு உண்டு.

ஹாலிபட் கைடு இல்லாமல் பிடித்தால் நாளுக்கு 2, எந்த அளவும். ஆனால் படகிலேயே சமையலுக்கு நறுக்கிவிடாதீர்கள். மேல்பக்கம் இரண்டு, அடிப்பக்கம் இரண்டு, கன்னம் இரண்டு என்று ஒரு மீனை ஆறு துண்டு வரைதான், அதுவும் தோலோடு. எத்தனை மீன் என்று அதிகாரி எண்ணிப் பார்க்க முடிய வேண்டும்.

கடல் விஷயம்: மே மாதத்திலும் தண்ணீர் விறைக்கும் குளிர். விழுந்தால் முதல் நிமிடமே மூச்சு திணறும், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். சிட்காவுக்கு மேற்கே இருக்கும் க்ரூசோஃப் தீவைத் தாண்டினால் திறந்த பசிபிக் அலை. தென்கிழக்குக் காற்றும் வற்றமும் (கடல் நீர் வடியும் ஓட்டம்) எதிரெதிராக மோதும் நேரத்தில் வாய்க்கால் முகத்தில் அலை செங்குத்தாக எழும். பௌர்ணமி, அமாவாசை ஏற்றம் கரையில் கிடக்கும் மரத்தடிகளைத் தூக்கிக் கடலில் விட்டுவிடும். பாதி மூழ்கிய தடி கண்ணில் படாது, அன்றைக்கு வேகம் வேண்டாம். படகின் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சானல் (அவசர அழைப்புக்கானது) எப்போதும் ஓடட்டும்.